கிட்னி ரத்தக்குழாய்க்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்லிவிட்டார்களா?

நான் கேத் லேபில் (ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கிற இடம்) நர்ஸ். கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிட்டது என்று வருகிறவர்களில் பலர், ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்துவிட்டால் பிரஷர் மாத்திரைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்ற நினைப்பில்தான் படுக்கிறார்கள். அப்படி எதிர்பார்க்காதீர்கள். மாத்திரை குறையலாம், அடியோடு நிற்பது அபூர்வம்.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள்: “எனக்கு இது எதற்கு?” 947 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான கோரல் ஆய்வில், கொழுப்புப் படிந்து சுருங்கியவர்களுக்கு மாத்திரையோடு ஸ்டென்டும் வைத்ததால் மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி பழுது ஒன்றும் குறையவில்லை. ஸ்கேனில் அடைப்பு தெரிகிறது என்பது மட்டும் காரணமாகாது. மூன்று மாத்திரை முழு அளவில் போட்டும் பிரஷர் இறங்கவில்லை, நுரையீரலில் திடீர் திடீரென்று நீர் கோத்து மூச்சு முட்டுகிறது, இரண்டு பக்கமும் (அல்லது இருக்கிற ஒரே கிட்னியில்) அடைப்பு, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ரத்தத்தில் ஏறுகிறது: இவையெல்லாம் நியாயமான காரணங்கள். இளவயதுப் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. குழாய்ச் சுவரே படத்தில் மணி கோத்த மாதிரி தெரியும். அதற்குப் பொதுவாக குழாய்க்குள் பலூனை விரித்து அகலப்படுத்தினாலே போதும், ஸ்டென்ட் வேண்டாம்.

சரி, செய்வதென்று முடிவாகிவிட்டதா? வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை), ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சாய மருந்து (குழாய் எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் செலுத்துவது) ஒவ்வாமை, இந்த மூன்றையும் நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சாய மருந்து கிட்னிக்குச் சுமை என்பதால், தேவைப்பட்டால் முன்பே சலைன் ஏற்றுவோம்.

தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், முழு மயக்கம் இருக்காது. சாய மருந்து போகும்போது உடம்பில் சூடு பரவும், பயப்பட வேண்டாம். பலூனை விரிக்கும்போது இடுப்புக்கு மேலே பின்பக்கம் வலிக்கும், சுருக்கியதும் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். குழாய் கிழிந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த வலிதான். “நர்ஸம்மாவுக்கு எதுக்குத் தொந்தரவு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

தொடை வழியாகச் செய்திருந்தால் சில மணி நேரம் காலை மடக்கக் கூடாது. இருமல் வந்தால் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு இருமுங்கள். இடுப்புக்குக் கீழே ஈரமாக, வெதுவெதுப்பாக உணர்ந்தால் ரத்தமாக இருக்கலாம், எழுந்து பார்க்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு தினமும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். பிரஷர் சட்டென்று இறங்கிப் பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் பல் பிடுங்கப் போகிறேன் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், ஸ்டென்டுக்குள்ளும் மறுபடி சுருங்கலாம் என்பதால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு அந்தப் பிரஷர் நோட்டும் கையில் இருக்கட்டும்.