கீமோ ஏற்றிய பத்தாம் நாள்: வீட்டில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்ததும் நம் ஊர்களில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கீமோ சொல்லியிருக்கிறார்கள்?" என்பதுதான். எண்ணிக்கையைவிட மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது முக்கியம். கீமோ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் வெவ்வேறு முறையில் வேலை செய்யும் பல மருந்துகள் அடங்கியிருக்கின்றன; அவற்றின் தொல்லைகளும் வேறு, அவற்றுக்கு நாம் எடுக்க வேண்டிய கவனமும் வேறு. என் அக்காவின் மார்பகப் புற்றுநோய்க்காக ஓராண்டுக்கும் மேலாக அவரோடு நாகர்கோவிலிலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் போய்வந்தபோது செவிலியர்களிடம் கேட்டுக் கற்றதையே இங்கே எழுதுகிறேன். சிகிச்சை ஆசாரிப்பள்ளத்தில் நடந்தாலும், நெய்யூரில் நடந்தாலும், எல்லை தாண்டிக் கேரளத்தில் நடந்தாலும் வீட்டில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

நம் குமரி மாவட்டத்து மணற்பாங்கான முற்றங்களில் தானாகவே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் எடுக்கப்படுகின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இருபக்கமும் இழுத்துப் பிரிக்க நுண்ணிய இழைகள் உருவாகும். அந்த இழைகள் உருவாகாமல் தடுப்பதே இந்த மருந்துகளின் வேலை. சிஸ்பிளாட்டினும் சைக்ளோபாஸ்பமைடும் டி.என்.ஏ.வையே சேதப்படுத்துகின்றன. மெத்தோட்ரெக்ஸேட் புதிய டி.என்.ஏ. கட்டுவதற்கான மூலப்பொருள் உருவாகாமல் செய்கிறது. வழி எதுவானாலும், வேகமாகப் பெருகும் அணுக்களை அடிப்பதே இவை எல்லாவற்றின் நோக்கம். புற்றணு எது, நல்ல அணு எது என்று இவற்றுக்குத் தெரியாது. ஆகவே உடலில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் முடிவேர், வாய் மற்றும் குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் சேர்ந்து அடிபடுகின்றன. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான். நல்ல அணுக்கள் மீண்டெழ அவகாசம் தருவதற்காகவே 14 நாளுக்கு ஒருமுறை, 21 நாளுக்கு ஒருமுறை என்று இடைவெளி விட்டு ஏற்றுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வருகிறது என்று கேள்விப்பட்டு, அதன் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வின்கிறிஸ்டின் பெரியவர்களுக்கே ஒரு வேளைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கப்படுவதில்லை. அதையும் நரம்பு வழியாக மட்டுமே, தகுந்த கண்காணிப்பில் ஏற்றுகிறார்கள். இலையைக் கொதிக்க வைத்த தண்ணீரில் எந்த நச்சு எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

உயிரியல் சிகிச்சை என்பது வேறு வகை. உயிருள்ள அணுக்களில் வளர்த்தெடுக்கப்படும் புரதங்களோ, நம் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருள்களோ இங்கே மருந்தாகின்றன. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புற்றணுவின் மேற்பரப்பில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும். டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பயாப்ஸி அறிக்கையில் ஹெர்2 பரிசோதனை 3+ (அந்தப் புரதம் மிகுதி) என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 2+ என்றால் ஃபிஷ் என்ற அடுத்த சோதனையை முடித்த பிறகே முடிவு தெரியும். இன்னொரு வகை, எதிர்ப்பணுக்களுக்குப் புற்றணு போட்டுவைத்த தடையை விலக்கும் நிவோலுமாப், பெம்புரோலிசுமாப் போன்றவை. இவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காகத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. காசநோய்த் தடுப்பூசியாக நாம் அறிந்த பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பைக்குள் குழாய் வழியாகச் செலுத்துவதும் இந்த வகைச் சிகிச்சைதான்.

அக்காவுக்கு முதலில் டாக்சோருபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் 21 நாளுக்கு ஒருமுறையாக 4 முறை, பிறகு பாக்லிடாக்சல் வாரம் ஒருமுறையாக 12 வாரம், அதோடு சேர்த்துத் தொடங்கிய டிராஸ்டுசுமாப் ஓராண்டு என்று திட்டம். ஏற்றுவதற்கு முந்தைய நாள் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். கவுண்ட், அதாவது இரத்த அணுக்களின் எண்ணிக்கை, போதவில்லை என்றால் தேதியைத் தள்ளிவைப்பார்கள். அதற்காக மனம் உடைய வேண்டியதில்லை, அது பாதுகாப்புக்காகத்தான். உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு அளவை முடிவு செய்வதால், எடை குறைந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். முதலில் வாந்தித் தடுப்பு மருந்தும், பாக்லிடாக்சல் என்றால் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் ஏற்றிய பிறகே கீமோ தொடங்கும். டாக்சோருபிசின் நல்ல சிவப்பு நிறத்தில் இருக்கும். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போனால் அது இரத்தம் அல்ல. ஆனால் மருந்து இறங்கும்போது ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால், "பொறுத்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடாமல் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிட வேண்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த மருந்து தசையையே அரித்துவிடும். கை நரம்பு கிடைக்காதவர்களுக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் போர்ட் என்ற மருந்தேற்றும் சிறு கருவியை வைப்பதும் இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டினுக்குத் தனிக் கவனம் வேண்டும். அது ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் மின்சாரம் பாய்ந்ததுபோல் கூசும், குளிர்ந்த நீர் குடித்தால் தொண்டை அடைப்பதுபோல் இருக்கும். குளச்சல், முட்டம் பக்கத்து மீன் தொழிலாளர் வீடுகளில் ஐஸ் பெட்டிக்குள் கையை விடும் வேலையை அந்த நாட்களில் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, நான் இதை எழுதக் காரணமான பத்தாம் நாளுக்கு வருகிறேன். பெரும்பாலான கீமோ மருந்துகளுக்கு, ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். வாந்தியெல்லாம் அடங்கி, ஆள் தெளிந்து, அப்பாடா என்று வீடு மூச்சுவிடும் நாட்கள் அவை. அக்காவுக்கு இரண்டாவது முறை ஏற்றிய பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு மேல் குளிர் எடுத்தது. அளந்தால் 101 டிகிரி ஃபாரன்ஹீட். "விடிஞ்ச பிறகு போலாம் மக்களே" என்று அம்மா சொன்னார். நானும் ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனேன். காய்ச்சல் இறங்கியது, ஆனால் விடிவதற்குள் இரத்த அழுத்தம் சரிந்து அக்காவுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றி மீட்டார்கள். காய்ச்சலை மாத்திரை மறைத்தது, தொற்றை அது தொடவே இல்லை. ஆகவே வீட்டில் ஒரு வெப்பமானி கட்டாயம் இருக்க வேண்டும், 100.4 டிகிரியைத் தொட்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். அங்கே சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "கீமோ ஏற்றி இத்தனை நாள் ஆகிறது" என்பது.

அந்த வாரத்தில் சூடான கஞ்சியும் பயறும், நன்றாக வேகவைத்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு), அப்போதே இறக்கிய மீன் குழம்பும் தாராளமாகக் கொடுக்கலாம். மட்டி வாழைப்பழத்தைக் கழுவித் தோலுரித்துக் கொடுக்கலாம். வெளியில் விற்கும் அக்கானி (பதநீர்), நறுக்கி வைத்த பழம், ஆறிப்போன சோறு வேண்டாம். கீமோ முடிந்து வந்த முதல் 48 மணி நேரம் மருந்து சிறுநீர் வழியாக வெளியேறும் என்பதால், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்த துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

உயிரியல் மருந்துக்கு இந்தப் பத்தாம் நாள் கணக்கு பொருந்தாது. டிராஸ்டுசுமாப் முடியைக் கொட்டவைக்காது, ஆனால் இதயத்தின் வலுவைக் குறைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பதை, நன்றாகத்தானே இருக்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. நிவோலுமாப் வகை மருந்துகளில் தடை நீங்கிய எதிர்ப்பணுக்கள் சொந்தக் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் தாக்கக்கூடும், அதுவும் சில மாதங்கள் கழித்துக்கூட. அவர்களுக்கு வயிற்றோட்டம் என்றால் கடையில் மாத்திரை வாங்காமல் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்படுவது எதிர்ப்பணுக்களை அடக்கும் ஸ்டீராய்டாக இருக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. எழுதிக் கொடுத்த மருந்து அதில் அடங்குமா, போகும் மருத்துவமனையில் அது செல்லுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசி கீமோ முடிந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். வெப்பமானியை மட்டும் அக்காவின் தலையணைக்கடியிலேயே வைத்திருந்தேன். கடைசி ஊசிக்கும் ஒரு பத்தாம் நாள் உண்டு.