மாளிகைப் பேய்க்கதையை ஆராயும் முறை: ரெய்ன்ஹாம் ஹாலின் பழுப்புச் சீமாட்டி

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள ரெய்ன்ஹாம் ஹால் 1619இல் சர் ரோஜர் டவுன்ஷெண்ட் கட்டத் தொடங்கிய மாளிகையாகும். பழுப்பு நிறப் பூவேலைப் பட்டாடை அணிந்த ஒரு பெண்ணின் ஆவி அங்கே நடமாடுவதாக ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. பழைய மாளிகைகளின் பேய்க்கதைகளை நம்புவதா, மறுப்பதா என்று முடிவு செய்வதற்கு முன் அவற்றை எவ்வாறு பிரித்துப் படிப்பது என்று கற்றுக்கொள்ள விரும்புவோர் இந்த வீட்டிலிருந்து தொடங்கலாம். இங்குள்ள சாட்சியங்களில் பல, பெயரோடும் ஆண்டோடும் நமக்குக் கிடைப்பதே அதற்குக் காரணம்.

முதலில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்: கண்டதாகச் சொல்லப்படும் ஆண்டு ஒன்று, அது எழுத்தில் பதிவான ஆண்டு மற்றொன்று. இதைச் செய்த உடனேயே கதையின் பாதி உருவம் மாறிவிடும். கப்பற்படைக் கேப்டனும் நாவலாசிரியருமான ஃபிரடெரிக் மேரியட் 1836இல் ரெய்ன்ஹாமில் தங்கியதாகவும், இரவில் கையில் விளக்கேந்தி வந்த அந்த உருவத்தின் முகத்தை நோக்கிக் கைத்துப்பாக்கியால் சுட்டதாகவும், குண்டு உருவத்தை ஊடுருவிச் சென்று எதிரே இருந்த கதவில் பதிந்ததாகவும் சொல்வார்கள். இதை நாம் அறிவது அவருடைய மகள் ஃபுளோரன்ஸ் மேரியட் 1891இல் வெளியிட்ட நூலின் வழியாகத்தான். ஃபுளோரன்ஸ் பிறந்தது 1833இல். தந்தை இறந்தது 1848இல். நிகழ்ச்சியின்போது மூன்று வயதுக் குழந்தையாக இருந்தவர், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ஆவியுலகத் தொடர்பில் உறுதியான நம்பிக்கை கொண்டவராக இருந்த நிலையில் இதை எழுதினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருளில்லை. குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரு கதை, சொல்லச் சொல்லக் கூர்மை பெறும் என்பதே இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. 1835 கிறிஸ்துமஸ் காலத்தில் கர்னல் லாஃப்டஸ் அந்த உருவத்தைக் கண்டார் என்ற செய்தியும் அவர் கையெழுத்தில் வரவில்லை; லூசியா ஸ்டோன் என்ற பெண்மணியின் குறிப்பு வழியாகவே வந்தது.

அடுத்து, ஆவியை ஒதுக்கி வைத்துவிட்டு, அது யாருடையது என்று சொல்லப்படுகிறதோ அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேட வேண்டும். பேய்க்கதை எழுதுவோர் பெரும்பாலும் தாவிச் செல்லும் இடம் இதுவே. எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுவே. இந்த ஆவி டாரதி வால்போல் என்பவருடையது என்பார்கள். அவர் 1686இல் பிறந்தார். பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் அவருடைய சகோதரர். 1713இல் ரெய்ன்ஹாமின் உரிமையாளரான சார்லஸ் டவுன்ஷெண்டுக்கு இரண்டாம் மனைவியானார்; 1726 மார்ச்சில் பெரியம்மையால் இறந்ததாகப் பதிவு கூறுகிறது. கதையோ வேறொன்றைச் சொல்கிறது: பழைய காதலை அறிந்த கணவர் அவரை அறைக்குள் பூட்டி வைத்தார், பிள்ளைகளைக்கூடப் பார்க்க விடவில்லை என்கிறது. இந்த இடத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. அவருடைய பிள்ளைகள் எந்தெந்த ஆண்டுகளில் பிறந்தனர்? நாட்டின் அதிகாரத்தில் முதலிடத்தில் இருந்தவரின் சகோதரி, அதே அரசில் அமைச்சராக இருந்தவரின் வீட்டில், பக்கத்து ஊரான ஹௌட்டனில் பிறந்த வீடு இருக்கும்போது, எவரும் அறியாமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருக்க முடியுமா? பூட்டி வைத்த செய்தி முதன்முதலில் எந்த ஆண்டில் அச்சில் வருகிறது? ஒரு பெண்ணின் மரணத்தைக் கொடுமைக் கதையாக்குவதற்கு முன் அவருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை இந்தத் தேடலே.

மூன்றாவதாக, கண்டதாகச் சொன்னவர்கள் அதற்கு முன் என்ன பார்த்திருந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். மேரியட் தங்கியது, பழுப்பு உடையில் டாரதியின் ஓவியம் தொங்கிய அறையில்தான் என்று அந்தக் கதையே சொல்கிறது. அந்த ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே உறங்கச் சென்றவர், பின்னர் நடைவழியில் கண்ட உருவத்தை ஓவியத்தோடு ஒப்பிட்டு அடையாளம் காண்பது இயல்பு. அவர் அங்கே சென்றதே அக்கம்பக்கத்துக் கடத்தல்காரர்கள் ஆட்களை விரட்டப் பேய் வேடம் கட்டுகிறார்கள் என்ற சந்தேகத்தில்தான் என்று ஃபுளோரன்ஸ் எழுதுவதையும் கவனியுங்கள். சந்தேகப்பட்டவரே நம்பினார் என்ற திருப்பம் கேட்பவரை எளிதில் வசப்படுத்துவதால், அத்தகைய திருப்பம் வரும் இடத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

ஒளிப்படம் இருந்தால் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 1936 செப்டம்பர் 19 அன்று கேப்டன் ப்ரோவாண்ட், இண்ட்ரே ஷீரா என்ற இருவர் ரெய்ன்ஹாமின் பெரிய படிக்கட்டைப் படமெடுத்தனர். ஆவி போன்ற ஒன்று இறங்கி வருவதைக் கண்ட ஷீரா கூவியதும், ப்ரோவாண்ட் லென்ஸ் மூடியை அகற்ற, ஷீரா மின்னொளியை இயக்கினார். ப்ரோவாண்டின் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மெல்லிய திரை போர்த்தியது போன்ற உருவம் பதிந்த அந்தப் படம், அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று கண்ட்ரி லைஃப் இதழில் வெளியாகி உலகெங்கும் பரவியது. பேய் நிகழ்வுகளை ஆராய்ந்துவந்த ஹாரி பிரைஸ் அவ்விருவரையும் விசாரித்து, நெகட்டிவில் மோசடி இல்லை என்று கருதினார். ஆனால் நெகட்டிவைத் திருத்தவில்லை என்பதும், படம் இருமுறை ஒளிபட்டதால் உருவானதன்று என்பதும் ஒன்றல்ல. ஒரே தகட்டில் இரண்டு காட்சிகள் விழுந்தால், அல்லது ஒளிக் கசிவு நேர்ந்தால், எவரும் கைவைக்காமலேயே இத்தகைய உருவம் தோன்றலாம். பிற்கால ஆய்வாளர்கள் படிகளுக்கு மேலே வெளிறிய கோடுகள் தெரிவதையும், கைப்பிடியின் மேல்முனையில் ஓர் ஒளித்திட்டு இருமுறை தெரிவதையும் சுட்டி, இருமுறை ஒளிபட்டதே காரணம் என்று வாதிட்டுள்ளனர். எனக்கும் அதுவே ஏற்புடையதாக இருக்கிறது. எனினும் இணையத்தில் சுற்றும், பலமுறை நகலெடுத்து மங்கிய படத்தை வைத்து முடிவு செய்யாமல், இதழின் பழைய தொகுதியில் உள்ள அச்சைப் பார்ப்பதே முறை.

வீட்டின் இயல்பையும் மறக்கலாகாது. பழைய மரத்தளங்களும் கூரை விட்டங்களும் இரவின் குளிரில் சுருங்கி ஒலி எழுப்பும். பெரிய கணப்படுப்புகளின் புகைபோக்கி வழியே குளிர்காற்று இறங்கும். காலடி ஓசை, திடீர்க் குளிர் என்னும் இரண்டு வகைச் செய்திகளையும் உருவத்தைக் கண்ட செய்திகளோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மூல ஆவணங்களுக்கு நாரிச் நகரிலுள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகமும், லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நூலகத்தில் உள்ள ஹாரி பிரைஸ் தொகுப்பும் உதவும். ஆவி போன்ற இயல்புக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளை ஆராய 1882இல் தொடங்கப்பட்ட ‘சொசைட்டி ஃபார் சைக்கிகல் ரிசர்ச்’ என்னும் சங்கத்தின் ஆவணங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. ரெய்ன்ஹாம் ஹால் டவுன்ஷெண்ட் குடும்பத்தினர் வாழும் வீடு என்பதால், முன் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். இறுதியில் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் சொன்னவர் யார் என்பதை விடாதீர்கள்: “மேரியட் சுட்டார்” என்று எழுதாமல், “மேரியட் சுட்டதாக அவர் மகள் 1891இல் எழுதினார்” என்று எழுதுங்கள்.