மெருகு ஏமாற்றும் இடங்கள்: தோல் ஷூவையும் கோட்டையும் மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் ஷூ ஒன்றைக் கையில் எடுப்பவர் முதலில் பார்ப்பது அதன் மெருகை. தவறும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கடையில் கண்ணாடிபோல் மின்னும் ஷூக்களில் பல, முள்கீறலும் பூச்சிக்கடித் தழும்பும் தெரியாதபடி மேற்பரப்பைத் தேய்த்து எடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற பூச்சு ஏற்றிய தோலால் ஆனவை. புதிதில் அவற்றில் ஒரு குறையும் காண முடியாது. நடக்க நடக்க, விரல்கள் மடங்கும் இடத்தில் ஆழமான கோடுகள் விழுந்து பூச்சு வெடிக்கும். வெடித்த பூச்சை எந்தப் பாலிஷாலும் சரிசெய்ய முடியாது. மேற்பரப்பு தேய்க்கப்படாத கன்றுத்தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிர்க்கால்களின் நுண்துளைகள் தெரியும். மெல்ல அழுத்தினால் அது சிற்றலைகளாகச் சுருங்கி, கையை எடுத்ததும் மீளும். உள்ளே பதித்திருக்கும் 'அசல் தோல்' முத்திரையைத் தரச்சான்றாகக் கொள்வதும் இதையொத்த தவறுதான்; தோல் தோல்தான் என்பதை மட்டுமே அது சொல்கிறது, எந்த அடுக்கிலிருந்து எடுத்தது, மேற்பரப்பு எப்படிக் கையாளப்பட்டது என்பவற்றைச் சொல்வதில்லை.

மரப்பட்டையில் பதனிட்டதே உயர்ந்தது, குரோமியத்தில் பதனிட்டது மட்டம் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தமிழ்நாட்டுத் தோலின் பெருமையை அறிந்த நமக்கு அந்த எண்ணம் எளிதில் வந்துவிடும். உண்மையில் மிகச் சிறந்த ஷூக்களின் மேல்தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்ட கன்றுத்தோலே. மென்மையும் நெகிழ்வும் அதற்கே அதிகம். அழுத்தத்தைத் தாங்கி, வியர்வையை உறிஞ்சி, பாதத்தின் வடிவத்தை ஏற்க வேண்டிய உள்ளடியிலும் (ஷூவுக்குள் பாதம் படியும் அடித்தோல்) சோலிலும்தான் மரப்பட்டைத் தோலின் அருமை தெரியும். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள கோலிட்டன் என்னும் ஊரில், ஓக் மரப்பட்டை ஊறிய குழிகளில் சோல் தோலை ஓராண்டுக்கு மேலாகப் பதனிடும் வழக்கம் நீடித்துவருகிறது. அந்த அவசரமின்மையின் பயன் அதை அணிந்து நடப்பவரின் காலுக்குத் தெரியும்.

சோலைச் சுற்றித் தையல் ஓடுவதைக் கண்டதும் அது வெல்ட் என்னும் தோல்பட்டை வைத்துத் தைத்த ஷூ என்று முடிவுசெய்வது எல்லாவற்றிலும் விலைமிக்க தவறு. பசையால் ஒட்டிய ஷூவின் விளிம்பில் வெறும் அழகுக்காக ஒரு தையலை ஓட்டிவிடுவது வெகு சாதாரணம். ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் மகன் பெயரோடு 19ஆம் நூற்றாண்டில் பரவிய குட்இயர் வெல்ட் முறையில், மேல்தோலும் வெல்ட் பட்டையும் உள்ளடியின் கீழுள்ள விளிம்போடு தைக்கப்படுகின்றன. பிறகு அந்தப் பட்டையோடு சோல் வேறொரு தையலால் இணைக்கப்படுகிறது. இரண்டு தையல்கள் தனித்தனியே இருப்பதால், தேய்ந்த சோலை மேல்தோலைத் தொடாமலே பிரித்துவிட்டுப் புதியதைத் தைக்கலாம். உள்ளடிக்கும் சோலுக்கும் இடையே நிரப்பிய கார்க் நாளடைவில் அணிபவரின் பாதத்துக்கேற்பப் படியும். ஷூத் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரம் தன் பெயரைக் காத்துவருவது இந்த முறையில்தான். 1829இல் தொடங்கிய டிரிக்கர்ஸும் 1879இல் தொடங்கிய குரோக்கெட் அண்ட் ஜோன்ஸும் அங்குள்ள ஷூ நிறுவனங்கள்.

ஆனால் 'குட்இயர்' என்ற சொல்லோடு விசாரணையை நிறுத்திவிடக் கூடாது. இயந்திரத்தில் தைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளடியின் விளிம்பு ஒட்டிவைத்த துணிநாடாவே. கையால் வெல்ட் தைப்பவரோ தடித்த உள்ளடித் தோலிலேயே அந்த விளிம்பைக் கத்தியால் செதுக்கி எடுக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும் என்பதால், செய்பவரிடமோ விற்பவரிடமோ வாய்விட்டுக் கேட்பதே வழி. லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற பிளேக் தையலை மட்டமானது என ஒதுக்குவதும் சரியன்று. ஒரே தையல் உள்ளடிவரை ஊடுருவுவதால் மழைநீர் உள்ளே வர வாய்ப்புண்டு. ஆனால் மெல்லிய, வளைந்துகொடுக்கும் கோடைக்கால ஷூவுக்கு அது மிகவும் பொருந்தும்.

கோட்டு வாங்கும்போது துணியின் சூப்பர் எண் கூடினால் கோட்டின் தரமும் கூடும் என்று நம்புகிறார்கள். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டுமே குறிக்கிறது: சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு மிகாது, சூப்பர் 150 என்றால் 16.25க்கு மிகாது. இழை மெலிய மெலியத் துணி எளிதில் கசங்கும், விரைவில் தேயும்; நாள்தோறும் அணியும் கோட்டுக்கு 100 அல்லது 110 எண்ணே என் தேர்வாக இருக்கும். எண்ணைவிட முக்கியமானது மார்புப் பகுதியின் உள்ளே இருப்பது. கீழ்ப்பொத்தானுக்கு அருகில் வெளித்துணியையும் உட்துணியையும் இரு கைகளால் பற்றி மெல்ல விலக்கினால், இடையில் தனியாக நழுவும் மூன்றாவது அடுக்கு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுவே கோட்டுக்கு உருவம் தரும், தைத்து வைத்த கேன்வாஸ். தட்டுப்படாவிட்டால் அது பசையால் ஒட்டிய ஃப்யூசிங்காகவோ, மார்போடு நின்றுவிடும் அரைக் கேன்வாஸாகவோ இருக்கலாம். ஒட்டியது மோசமாக இருந்தால் சலவைக்குச் சலவை துணியில் கொப்புளங்கள் எழும். கைப்பொத்தான்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பார்த்துத் தரத்தை முடிவுசெய்வது பழைய பழக்கம்; இன்று மலிவான கோட்டிலும் அவை திறக்கின்றன.

வாங்கிய பிறகு செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே. மழையில் நனைந்த ஷூவை நான் ஒருமுறை நண்பகல் வெயிலில் காயவைத்தேன். மாலைக்குள் சோல் விறைத்து, மேல்தோலில் வெடிப்பு ஓடிவிட்டது. ஈரத்தோலைச் சூடு சுருக்கிவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, பக்கவாட்டில் சாய்த்து, நிழலில் ஓரிரு நாள் விட்டுவிட வேண்டும். நனையாத நாளிலும் உள்ளடி பாதத்தின் வியர்வையைக் குடித்திருக்கும். ஆகவே ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாளில் அணியாமல், ஷூவின் வடிவைக் காக்கும் தேவதாரு மரத் தாங்கியை உள்ளே வைத்து ஒரு நாளாவது விடுங்கள்.