பூ நிறைய, காய் இல்லை: ஒரு காலைப் பொழுது பூவோடு உட்காருங்கள்

மாடித்தோட்டம் போட்டவர்கள் ஒருமுறையாவது புலம்பியிருப்பார்கள்: "பூ கொத்துக் கொத்தா வருது, காய்தான் பிடிக்க மாட்டேங்குது." உரக்கடைக்கு ஓடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பூ யாரை அழைக்கிறது, வந்தவருக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். ஒரு பரங்கிக்கொடி (மஞ்சள் பூசணிதான்), ஒரு கத்தரிச்செடி, ஒரு துண்டு கறுப்புத் தாள், பேட்டரியில் ஓடும் பழைய டூத் பிரஷ். இவ்வளவு போதும்.

படி 1: விடிந்ததும் பரங்கியிடம் போங்கள்

பரங்கிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருண்டுவிடும். மறுநாள் அதே பூ திறக்காது. காபி குடித்துவிட்டு 10 மணிக்குப் போனால் கடை சாத்தியிருக்கும்.

இதழுக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு பிஞ்சு இருந்தால் பெண்பூ. வெறும் காம்பு என்றால் ஆண்பூ. ஆண்பூவுக்குள் எட்டிப் பாருங்கள்: நடுவில் மஞ்சள் பொடி (மகரந்தம்) அப்பிய ஒரு தண்டு. தேன் அதன் அடியில் இருக்கிறது. தண்டை உரசாமல் தேனீயால் அங்கே இறங்க முடியாது. குடித்துவிட்டு வெளியே வரும்போது மாவு மில்லில் இருந்து வந்த ஆள் போல இருக்கும். அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். அது பெண்பூவாக இருந்தால் உங்களுக்குக் காய்.

படி 2: நிறத்தைக் கவனியுங்கள்

தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதா நிறமும் தெரியும். கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய அறிஞர் நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். அப்புறம் சாம்பல் அட்டைகளுக்கு நடுவே வெறும் நீல அட்டையை வைத்தார். தண்ணீர் இல்லாமலே அவை நீலத்தைத் தேடி வந்தன. தேனீக்களின் நடத்தையை ஆராய்ந்த இவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது.

படி 3: கத்தரியைச் சோதியுங்கள்

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கத்தரிப்பூவில் தேன் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மகரந்தம் மட்டும்தான் கூலி, அதையும் பூட்டி வைத்திருக்கிறது. நடுவில் கூம்பாக நிற்கும் மஞ்சள் குழாய்கள்தான் மகரந்தப் பைகள். அவற்றின் நுனியில் ஊசித்துளை அளவுக்கே வழி.

கருவண்டு வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கூம்பைக் கட்டிப்பிடித்து, இறக்கையை அடிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வரும் 'ம்ம்ம்' சட்டென்று கீச்சென்று மாறும். உப்பு டப்பாவைத் தட்டியது போலப் பொடி கொட்டும். தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. அதனால் தேன்கூடு பக்கத்தில் இருந்தும் கத்தரி காய்க்காமல் போகலாம்.

நீங்களே செய்து பார்க்கலாம். பூவுக்கு அடியில் கறுப்புத் தாளைப் பிடித்து, ஓடும் பிரஷின் பின்புறத்தைப் பூக்காம்பில் மெதுவாகத் தொடுங்கள். தாளில் பொடி படியும். (முதல் தடவை அழுத்திப் பிடித்து ஒரு பூவை முறித்தேன்.) சூல்முடி (மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பெண் நுனி) கூம்புக்கு வெளியே நீண்டிருக்கும் பூக்களில் செய்யுங்கள். உள்ளே ஒளிந்திருப்பவை பெரும்பாலும் காய்க்காது, உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள்.

படி 4: இருட்டிய பின் ஒரு நடை

பவழமல்லி மாதிரி இரவில் பூப்பவை பெரும்பாலும் வெள்ளையாகவும் வாசனையாகவும் இருக்கும். இருட்டில் அலையும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு அது. நம் வீட்டு மல்லிக்கு அந்த யோகமில்லை, மொட்டிலேயே பறித்துவிடுகிறோம்.

படி 5: யாருமே வரவில்லையா?

பரங்கி ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளி, நடுத்தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் தடவுங்கள். காலையிலேயே செய்ய வேண்டும். சில நாட்களில் பிஞ்சு பருத்தால் பிடித்துவிட்டது, மஞ்சளாகிச் சுருங்கினால் அடுத்த பூவில் பார்க்கலாம். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் சாயங்காலம் தெளியுங்கள், காலையில் வேண்டாம்.