டெஸ்க்டாப் ஆப்புக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பை பில்ட் செய்து இன்ஸ்டாலரும் போட்டாயிற்று. நிறுவிப் பார்த்தால் ஸ்டார்ட் மெனுவில் ஒரு பெயர், டாஸ்க் மேனேஜரில் வேறொன்று, நோட்டிஃபிகேஷனில் புள்ளி வைத்த ஏதோ ஒரு ஐடி. பெயரை ஓரிடத்தில் எழுதினால் மற்ற இடமெல்லாம் அதுவே வந்துவிடும் என்று நம்புவதால் வரும் வினை இது.

விண்டோஸில் எக்ஸீ ஃபைலின் பெயரை மாற்றினால் டாஸ்க் மேனேஜர் கண்டுகொள்ளாது; உள்ளே வெர்ஷன் தகவலில் இருக்கும் 'ஃபைல் டிஸ்கிரிப்ஷன்' என்பதைத்தான் அது எடுத்துக் காட்டும். டிஸ்கிரிப்ஷன் என்று இருக்கிறதே என்று அங்கே இரண்டு வரி விளக்கம் எழுதிவைத்தால், அந்த இரண்டு வரியும் பெயராக வந்து நிற்கும். பெயரை மட்டும் எழுதுங்கள். திருத்திய பிறகும் 'ஓப்பன் வித்' பட்டியலில் பழைய பெயரே வருகிறதா? பதற வேண்டாம், விண்டோஸ் அதை ரெஜிஸ்ட்ரியில் கேஷ் செய்து வைத்திருக்கும். இது தெரியாமல் ஒரு மாலை முழுக்க பில்டை மாற்றி மாற்றிப் போட்டவன் நான். நோட்டிஃபிகேஷனில் வரும் ஐடிக்குக் காரணம் வேறு: கோடில் கொடுத்த ஆப் யூசர் மாடல் ஐடியும் (விண்டோஸ் ஆப்பை அடையாளம் காணும் குறி) ஸ்டார்ட் மெனு ஷார்ட்கட்டில் உள்ளதும் பொருந்தவில்லை.

லினக்ஸில் மெனுவில் பெயர் சரியாக இருக்கும், திறந்ததும் டாக்கில் அநாமதேய ஐகானோடு இன்னொன்று முளைக்கும். லினக்ஸில் திரையில் விண்டோக்களைக் காட்டும் முறைகள் இரண்டு, பழைய எக்ஸ்11, புதிய வேலண்ட். எக்ஸ்11-இல், ஆப்பை மெனுவுக்கு அறிமுகப்படுத்தும் டாட் டெஸ்க்டாப் ஃபைலில் உள்ள 'ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ்' ஆப் விண்டோவின் கிளாஸ் பெயரோடு பொருந்த வேண்டும். வேலண்டில் ஆப் ஐடியும் டாட் டெஸ்க்டாப் ஃபைலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த ஃபைலில் தமிழ்ப் பெயர் சேர்க்கிறேன் என்று மொழிக்குறி இல்லாத மூலப் பெயர் வரியை எடுத்துவிடாதீர்கள், அது கட்டாயம்.

மேக்கில் பண்டில் பெயருக்கு (மெனு பாரில் வரும் ஆப்பின் குறும்பெயர்) 15 எழுத்துதான். அப்புறம், 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து. அதனால் நீளமான தமிழ்ப் பெயரை ஓடவிட்டுப் பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

இதெல்லாம் கண்ணில் படுகிற தவறுகள். படாத ஒன்று, காட்டும் பெயரையும் உள் அடையாளத்தையும் ஒன்றாகக் குழப்புவது. எலக்ட்ரானில் (வெப் தொழில்நுட்பத்தில் டெஸ்க்டாப் ஆப் செய்யும் கருவி) பயனரின் அமைப்புகள் சேரும் ஃபோல்டருக்கு இயல்பாக ஆப்பின் பெயர்தான். அடுத்த வெர்ஷனில் ஆசையாகப் பெயரை மாற்றுவீர்கள், அப்டேட் செய்தவருக்கு எல்லாம் காலியாகத் திறக்கும். டேட்டா பழைய ஃபோல்டரில் பத்திரமாகத்தான் இருக்கும், அது அவருக்கு எப்படித் தெரியும்? பெயரை மாற்றும் முன் அந்த ஃபோல்டரின் பாதையைக் கோடில் நிலையாக எழுதிவிடுங்கள்.