பாஸ்வேர்டு மறந்துபோன கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் ஃபைல்களை எடுப்பது எப்படி?

போன மாதம் தென்காசியிலிருந்து மாமா ஃபோன் செய்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்க் கோயில், குளம், பழைய குடும்பங்கள் என்று ஆறு வருடமாக ஊர் வரலாறு ஒன்றை லேப்டாப்பில் எழுதிவருகிறார். கண் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் பாஸ்வேர்டு நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். "ஃபார்மட் அடிச்சாத்தான் சார் உண்டு, உள்ளே இருக்கிறது போயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். "மாப்ளே, ஆறு வருஷ எழுத்துடா" என்றபோது அவர் குரல் கம்மிவிட்டது. அன்று இரவே பஸ் ஏறினேன். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா ஃபைலும் வெளியே வந்துவிட்டன.

அந்தக் கடையில் சொன்ன பதிலைக் கேட்டு எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. உங்களுடைய சொந்தக் கம்ப்யூட்டர், அல்லது சொந்தக்காரர் சம்மதத்தோடு அவருடையது, இரண்டுக்கு மட்டும் செய்யுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அங்கே உள்ள ஐடி பிரிவிடம் கேளுங்கள்.

விஷயம் இதுதான். விண்டோஸ் கேட்கும் பாஸ்வேர்டு விண்டோஸுக்குள் நுழைவதற்கானது. டிஸ்க்கில் கிடக்கும் ஃபைல்களை அது தானாகப் பூட்டிவைப்பதில்லை. பிட்லாக்கர் என்ற குறியாக்கம் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் விண்டோஸ் வசதி) ஓடாத கம்ப்யூட்டரில், வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென்டிரைவிலிருந்து கிளப்பினால் அதே டிஸ்க்கை அது சாதாரணமாகப் படித்துவிடும். பிட்லாக்கர் இருந்தால் கதை வேறு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டை அழித்துத்தரும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. அவற்றை முதலில் தொடாதீர்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், விண்டோஸின் ஈஎஃப்எஸ் வசதியால் குறியாக்கம் செய்த ஃபைல்களையும் திறக்கும் சாவி உங்கள் பழைய பாஸ்வேர்டோடு பிணைந்தது. வெளியிலிருந்து அதை அழித்தால் அந்தச் சாவியும் பயனற்றுப் போகும். காப்பி முதலில், பாஸ்வேர்டு அப்புறம்.

படி 1: லாகின் திரையிலேயே ஐந்து நிமிடம்

பென்டிரைவைத் தேடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் வடிவக் குறி இருக்கும். டைப் செய்துவிட்டு அதை அழுத்திப் பிடித்தால் என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று தெரியும். கேப்ஸ் லாக் விழுந்திருக்கலாம், நம்பர் லாக் அணைந்திருக்கலாம். தமிழ்க் கீபோர்டு சேர்த்திருப்பவர்கள் கீழே வலது பக்கம் உள்ள மொழிக் குறியைப் பாருங்கள், அது தமிழில் நின்றிருந்தால் சரியான பாஸ்வேர்டும் தப்பாகத்தான் போகும்.

கேட்பது பின் நம்பரா பாஸ்வேர்டா என்றும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு. கீழே 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் மாற்றிக்கொள்ளலாம்.

லாகின் திரையில் உங்கள் மின்னஞ்சல் முகவரி தெரிகிறதா? அப்படியானால் அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. ஃபோனிலேயே மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லி, மொபைலுக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ வரும் எண்ணைக் கொடுத்துப் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரை வைஃபையில் இணைத்துப் புதிய பாஸ்வேர்டைப் போட்டால் உள்ளே போய்விடலாம். வேலை முடிந்தது.

உள்ளூர்க் கணக்கு (மின்னஞ்சல் இல்லாமல் அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் உள்ள கணக்கு) என்றால், தப்பான பாஸ்வேர்டு ஒருமுறை போட்டதும் 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வரும். கணக்கு தொடங்கியபோது பாதுகாப்புக் கேள்விகள் வைத்திருந்தால்தான் இது உதவும். விண்டோஸ் 10-இல் 2018-இல்தான் இந்தக் கேள்விகள் வந்தன. மாமா லேப்டாப் அதற்கும் பழையது, கேள்வியே இல்லை.

படி 2: பென்டிரைவ் தயார் செய்வது

வேண்டியவை: 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, வேலை செய்யும் இன்னொரு கம்ப்யூட்டர், ஃபைல்களைப் போட்டுவைக்க வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. 8 ஜிபி பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதில் எதுவும் முக்கியமாக வைத்திருக்க வேண்டாம்.

பென்டிரைவிலிருந்து கிளப்பப்போகும் ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ் மின்ட். அதன் தளத்திலிருந்து சினமன் பதிப்பைப் பதிவிறக்குங்கள். இலவசம், சுமார் 3 ஜிபி வரும். உபுண்டுவிலும் இதையே செய்யலாம். மின்ட்டைச் சொல்வதற்குக் காரணம், அதன் திரை விண்டோஸ் பழகியவர்களுக்கு மிரட்சி தராது.

அடுத்து, பதிவிறக்கியதைப் பென்டிரைவில் எழுதித்தரும் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள். அதைத் திறந்து, மேலே உங்கள் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'செலக்ட்' அழுத்திப் பதிவிறக்கிய மின்ட் ஃபைலைக் காட்டி, 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். நடுவில் கேட்கும் கேள்விகளுக்கு அது பரிந்துரைப்பதையே விட்டுவிடலாம். மேலே காட்டும் டிரைவ் பென்டிரைவ்தானா என்பதை மட்டும் அளவைப் பார்த்து இருமுறை உறுதி செய்யுங்கள். வெளி ஹார்டு டிஸ்க்கும் அப்போது செருகியிருந்தால் கழற்றிவிடுவது நல்லது.

வேறு கம்ப்யூட்டரே கிடைக்கவில்லை என்றால், ஆண்ட்ராய்டு ஃபோனில் எட்ச்டிராய்டு என்ற ஆப் இருக்கிறது. ஓடிஜி கேபிளில் பென்டிரைவை மாட்டி அதிலேயே எழுதிவிடலாம்.

படி 3: பென்டிரைவிலிருந்து கிளப்புவது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் முழுசாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று, பாதி நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துக்கொண்டு தூங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸ் டிஸ்க்கைத் திறக்க மறுக்கும். ஆகவே லாகின் திரையின் வலது கீழ் மூலையில் பவர் குறியை அழுத்தி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். ரீஸ்டார்ட்டுக்கு இந்தத் தூக்கம் கிடையாது. பாஸ்வேர்டு இல்லாமலே இது நடக்கும்.

பென்டிரைவைச் செருகிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை கறுத்ததும் பூட் மெனு (எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல்) விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவா பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் எஃப்2 அழுத்திப் பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அந்த மெனுவை ஆன் செய்ய வேண்டியிருக்கும். விண்டோஸ் வந்துவிட்டால் தப்பில்லை, மறுபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். மாமா லேப்டாப்பில் எனக்கு மூன்றாவது தடவைதான் பிடிபட்டது.

வரும் பட்டியலில் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் மின்ட்டின் மெனு வரும். முதல் வரியான 'ஸ்டார்ட் லினக்ஸ் மின்ட்' போதும். ஓரிரு நிமிடத்தில் திரை வந்துவிடும். இது முழுக்கப் பென்டிரைவிலிருந்தும் ராமிலிருந்தும் ஓடுகிறது, உங்கள் டிஸ்க்கில் எதையும் எழுதவில்லை.

திரையில் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு குறி இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள். டிஸ்க்கை அழித்துவிட்டு மின்ட்டைப் பதிக்கும் வழி அது.

செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்படாத சிஸ்டம் கிளம்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு) காரணமாகப் பென்டிரைவ் கிளம்பவில்லை என்றால் மின்ட்டின் புதிய பதிப்பை எடுத்துப் பாருங்கள். செக்யூர் பூட்டை அணைப்பது கடைசி வழி. பிட்லாக்கர் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை அணைத்தால் அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவி கேட்கும்.

படி 4: ஃபைல்கள் எங்கே இருக்கின்றன?

'கம்ப்யூட்டர்' குறியை இருமுறை சொடுக்குங்கள். டிஸ்க்கின் பகுதிகள் அளவோடு தெரியும். 100 எம்பி, 600 எம்பி என்று இருப்பவை விண்டோஸின் சொந்த உபயோகத்துக்கு, அவற்றை விடுங்கள். பெரியதைத் திறங்கள். உள்ளே 'விண்டோஸ்', 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டர்கள் தெரிந்தால் அதுதான் உங்கள் சி டிரைவ். 'யூசர்ஸ்' உள்ளே உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர். டி டிரைவ் வைத்திருந்தால் அது தனிப் பகுதியாகத் தெரியும்.

டிஸ்க் உறக்கநிலையில் இருப்பதாகப் பிழைச் செய்தி வந்தால் படி 3-க்குத் திரும்பி ரீஸ்டார்ட் செய்யுங்கள். உறக்கநிலை ஃபைலை அழித்துவிட்டுத் திறக்கச் சொல்லும் யோசனைகளை இணையத்தில் பார்ப்பீர்கள். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை அதோடு போய்விடும், வேண்டாம்.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், வீடியோஸ் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் ஃபோல்டர் காலியாக இருந்தால் நெஞ்சு பதற வேண்டாம். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இயங்கினால் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் 'ஒன்டிரைவ்' என்ற ஃபோல்டருக்குள் போயிருக்கும், அங்கே பாருங்கள். அதிலும் சில ஃபைல்கள் உடைந்த இணைப்பு போலத் தெரிந்து திறக்காமல் இருக்கலாம். அவை இணையச் சேமிப்பில் மட்டும் இருப்பவை, ஒன்டிரைவ் தளத்தில் நுழைந்து எடுக்கலாம்.

பலர் மறப்பவை: டேலி பிரைம் வைத்திருக்கும் கடைக்காரர்களின் கணக்கு பொதுவாக 'யூசர்ஸ்' உள்ளே 'பப்ளிக்' ஃபோல்டரில், 'டேலிபிரைம்' என்பதற்குள் 'டேட்டா' என்று இருக்கும். அவுட்லுக் மின்னஞ்சல் 'டாக்குமெண்ட்ஸ்' உள்ளே 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்பதில் இருக்கலாம்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் எழுதிய ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் தெரியும். மாமாவின் முதல் அத்தியாயத்தை மின்ட்டில் திறந்தபோது அப்படித்தான் வந்தது. "எல்லாம் கெட்டுப்போச்சே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் கெடவில்லை. 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்று இருப்பதையும் சேர்த்துக் காப்பி செய்தோம். வேறு கம்ப்யூட்டரில் அந்த எழுத்துருவை நிறுவியதும் முதல் வரி தமிழில் வந்து நின்றது.

படி 5: காப்பி

வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, வேண்டிய ஃபோல்டர்களைத் தேர்ந்தெடுத்து 'காப்பி', பிறகு அங்கே 'பேஸ்ட்'. 'கட்' வேண்டவே வேண்டாம். மூலத்தில் எதையும் நகர்த்தாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. பெரிய வீடியோ ஒன்று மட்டும் ஏறமாட்டேன் என்றால், வெளி டிஸ்க் எஃப்ஏடி32 வடிவில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும் டிஸ்க்கைப் பயன்படுத்துங்கள்.

காப்பி முடிந்ததாகக் காட்டியவுடன் பிடுங்கிவிடக் கூடாது. லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம்தான் டிஸ்க்கில் மெதுவாக எழுதும். இடப்பக்கம் டிஸ்க்கின் பெயருக்கு அருகே உள்ள 'எஜெக்ட்' குறியை அழுத்துங்கள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, கழற்றாதே என்று செய்தி வந்தால் காத்திருங்கள். சில சமயம் பல நிமிடம் ஆகும். கழற்றலாம் என்று சொன்ன பிறகே கழற்றுங்கள்.

பிறகு அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, பத்து ஃபைலாவது திறந்து பாருங்கள். படம், வேர்டு, கணக்கு என்று வகைக்கு ஒன்று. இதைச் செய்யாமல் பழைய கம்ப்யூட்டரில் கை வைக்காதீர்கள்.

பிட்லாக்கர் இருந்தால்

டிரைவைத் திறக்கும்போதே பாஸ்வேர்டு கேட்டால், டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் இது தானாகவே ஓடுவது சகஜம். இதற்கு வேண்டியது 48 இலக்க மீட்புச் சாவி, ஆறு ஆறாக எட்டுக் கூட்டமாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து 'டிவைசஸ்' பகுதியில் பிட்லாக்கர் சாவிகளைத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். காகிதத்தில் அச்சிட்டு வைத்திருக்கலாம், பழைய பென்டிரைவில் சேமித்திருக்கலாம். கிடைத்தால் நடுக்கோடுகளோடு சேர்த்து அதை மின்ட் கேட்கும் இடத்தில் கொடுங்கள், டிஸ்க் திறக்கும்.

சாவி எங்குமே இல்லை என்றால் வழி கிடையாது. பணம் கொடுத்தால் உடைத்துத் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்புகள், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தவை என்று வேறு இடங்களில் தேடுவதுதான் அப்போது மிச்சம்.

கம்ப்யூட்டரே கிளம்பவில்லை என்றால்

டிஸ்க்கைக் கழற்றி, அதற்குரிய யூஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொன்னால் 'கன்டின்யூ' கொடுத்தால் போதும். பழைய சாட்டா டிஸ்க்குக்கு ஒரு பெட்டி, எம்.2 வகைக்கு வேறு பெட்டி, பார்த்து வாங்குங்கள். ஆப்பிள் மேக்குக்கு இந்தப் பதிவின் வழிகள் பொருந்தாது.

கடைசியாகப் பாஸ்வேர்டு

ஃபைல்கள் கையில் வந்தபிறகு விண்டோஸைப் புதிதாகப் பதித்தாலும் கவலை இல்லை. மாமாவுக்கு அப்படித்தான் செய்துகொடுத்தேன். லாகின் திரையில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, 'ட்ரபிள்ஷூட்', 'ரீசெட் திஸ் பிசி' என்று போனால் அதற்கான வழி இருக்கிறது. புதுக் கணக்கு தொடங்கும்போது பாதுகாப்புக் கேள்விகளை நிரப்பினோம். பாஸ்வேர்டை அத்தை ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் ரேஷன் கார்டு வைக்கும் கவரில் போட்டுவைத்தார். வெளி ஹார்டு டிஸ்க்கும் இப்போது அதே தட்டில்தான் இருக்கிறது. மாமா ஏழாவது அத்தியாயத்தில் இருக்கிறார்.