எழுந்து நிற்கும் பலம்: அறுபதைத் தாண்டியவர்களுக்கு

வயதான காலத்தில் ஒருவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வாரா, பிறர் கையை எதிர்பார்ப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது தொடைத் தசை. கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியுமோ என்ற பயம் வந்துவிட்டால் வெளியூர்க் கல்யாணம் நின்றுபோகும். பஸ் படி ஏறத் தயங்கினால் கோயிலும் சிநேகிதர்களும் தூரமாகிவிடுவார்கள். நாலு பேரோடு பேசுவது நின்றால் மனமும் சோர்ந்துவிடும். உடல், மனம், ஆன்மா மூன்றையும் பேண நினைப்பவர்கள் முதலில் காலைக் கவனியுங்கள்.

முதலில் ஒரு சோதனை. 43 செ.மீ. உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 65 முதல் 69 வயதுக்குள் ஆண்கள் 12, பெண்கள் 11 முறைக்குக் குறைவாக எழுந்தால் விழும் அபாயம் கூடுதல் என்று பொருள். 75 முதல் 79 வயதுக்குள் அந்த அளவு ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10.

இதே சோதனைதான் பயிற்சியும். நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழுந்தபின் மனத்துக்குள் நான்கு எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் தசைக்கு வேலையே இல்லை. எலும்பு தேய்ந்தவர்களுக்கு முதுகெலும்பு நசுங்கவும் கூடும்.

ஆரம்பத்தில் 5 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்து, சில வாரங்களில் பத்துப் பத்தாக மூன்று சுற்றுக்கு வாருங்கள். கை ஊன்றாமல் எழவே முடியாதவர்கள் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். பலம் வர வர ஒவ்வொரு மடிப்பாகக் குறைக்கலாம். எளிதாகிவிட்டால் கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். மறுநாள் தொடைத் தசை லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். முழங்கால் வீங்கினால், அல்லது மறுநாளும் மூட்டுவலி குறையாவிட்டால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

சமநிலைக்குச் சமையல் மேடையே போதும். மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி முன்னும் பின்னுமாக வைத்து, பிறகு கையை எடுத்து 10 விநாடி நில்லுங்கள். முடியாதவர்கள் இரு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்பதிலிருந்து தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் குறைந்தது மூன்று நாள் இத்தகைய பயிற்சி வேண்டும் என்கிறது. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் இந்த இரண்டுக்கும் அது ஈடாகாது.

பயிற்சி மட்டும் செய்து ரசம் சாதத்தோடு படுத்தால் தசை வளராது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். மூன்று இட்லியும் சட்னியும் 8 கிராமைத் தாண்டாது. இரண்டு முட்டையில் 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 12, ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் மீனில் சுமார் 20 கிடைக்கும். மொத்தத்தையும் மதியத்தில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். பல் இல்லாதவர்களுக்குக் குழைய வேகவைத்த பாசிப்பயறு, மீன், தயிர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும்.

சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். குறைந்தால் பாதம் மரத்து, நடை தள்ளாடும்; மறதியும் வரும். ரத்தத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் அதிகக் கவனம் தேவைப்படும் இடம் குளியலறை. துண்டு போடும் கம்பி ஆள் கனம் தாங்காது. சுவரின் செங்கல் வரை துளைத்து போல்ட் போட்ட கைப்பிடிக் கம்பி கழிவறை அருகில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று வேண்டும். எண்ணெய்க் குளியல் அன்று உள்ளங்கால் எண்ணெயை நன்றாகத் துடைத்தபின் உள்ளே போங்கள். ரப்பர் கால் வைத்த முக்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். தரையில் சிந்திய சீயக்காய்க் கூழை உடனே கழுவிவிட வேண்டும். வேட்டி, புடவையின் கரை கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும்.

இரவில் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்துவிட்டு நில்லுங்கள். நின்றதும் கண் இருட்டினால், படுத்தபடியும், நின்று 3 நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் விழவைக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “நீங்க உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கிறோம்” என்பது பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பால் வாங்குவதையும் செடிக்குத் தண்ணீர் விடுவதையும் பறித்துக்கொண்டால் காலுக்கும் வேலை போகும், தான் வேண்டப்படுகிறோம் என்ற நிறைவும் போகும். நாளுக்கு ஒருமுறையாவது வெளியே கிளம்ப அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கட்டும்: பேரனை வேன் ஏற்றிவிடுவது, கோயிலில் பூத்தொடுப்பது, வாரந்தோறும் கூடித் தேவாரமோ திருப்புகழோ பாடுவது. காது மந்தமானால் இவற்றிலிருந்துதான் முதலில் ஒதுங்குவார்கள். காது கேட்கும் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்படியும் விழுந்துவிட்டால் பதறி எழவேண்டாம். இடுப்பு வலித்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசையாமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வலி இல்லையென்றால் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டுத் தவழ்ந்து உறுதியான நாற்காலிக்கு வாருங்கள். இரு கைகளையும் இருக்கையில் ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து எழுந்து, திரும்பி உட்காருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.